பூச்சியம்

கந்தப்பளையில் பனி கலைய ஒன்பது மணியாகும்.
அதுவரை ஈயும் பறக்காது.
வலைக்கூடாரத்துக்குள், ஸ்ட்ரோபெரிப் பாத்தியோரம்
கவிழ்த்த வாளியில் குந்தியிருந்து
பெட்டி வாசலில் செத்துக் கிடப்பதை
இடுக்கியால் பொறுக்கி எண்ணுவேன்.
ஒன்றாம் பெட்டி நான்கு.
இரண்டாம் பெட்டி ஏழு.
சாதா ஈ இருக்கும் ஐந்தாம் பெட்டியில்
எண்ணி மாளாது. கரண்டியால் அள்ளித்
தராசில் வைத்துக் கிராமில் எழுதுவோம்.

மருந்து பட்டாலும் சாகாத ஈ இது என்று
டொக்டர் நிலுக்ஷி சிங்களத்தில் சொன்னார்.
முட்டையிலேயே ஊசி ஏற்றி
உள்ளே ஓர் எழுத்தை மாற்றியிருக்கிறார்களாம்.
ஒரே ஓர் எழுத்து.
மற்றவர்கள் தலையாட்டினார்கள்.
எனக்கு உண்மையிலேயே விளங்கியது.
புகழேஸ்வரி என்று அப்பா சொன்ன பெயரை
எழுதிய பதிவாளரிடம் ழ இருக்கவில்லை,
ல இருந்தது.
அந்த ஓர் எழுத்துக்காக அடையாள அட்டை கேட்டு
ஆறு வருசம் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன்.
இப்போதும் கச்சேரியில் நான் புகலேஸ்வரிதான்.

அடையாளத்துக்கு இன்னொன்றும் செருகியிருக்கிறார்கள்.
ஊதா டோர்ச் அடித்தால்
இந்த ஈயின் கண் தணலாய்ச் சிவக்கும்.
சிவந்தால் நம்முடையது,
சிவக்காவிட்டால் காட்டினுடையது.
நம்முடையது வலை தாண்டக் கூடாது.
தாண்டினால் நசுக்கிவிட்டு எழுத வேண்டும்.
பதிவேட்டில் அதற்கொரு கட்டம் உண்டு,
எண்ணாலும் எழுத்தாலும்:
வலைக்கு வெளியே எத்தனை?

புதன்கிழமை மருந்து.
(மருந்து என்றுதான் நாங்களும் சொல்கிறோம்.)
அடிப்பது என் வீட்டுக்காரர் சன்னாசி.
பதினாறு லீட்டர் டாங்கி முதுகில்,
மூக்கில் என் பழைய லேஞ்சி.
வெளியே லீக்ஸுக்கும் கிழங்குக்கும் அடித்துவிட்டு
உள்ளேயும் அடிப்பார், பரிசோதனைக்காக, அளந்து.
ஈ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப்
பூவில் மறுபடி உட்காரும்.
அவர் பைப்படியில் உட்கார்ந்து இருமுவார்.
இடையில் வீட்டுக்குப் போக முடியாது.
போனால் அரைப்பேர்.

போன மாதம் கொழும்பிலிருந்து கடிதம்.
ஈ தாங்குகிறது என்பதால்
மருந்தை ஒரு மூடி கூட்டலாமாம்.
டொக்டர் நிலுக்ஷி அதை இரண்டு தரம் வாசித்தார்.
அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பெட்டி
திறக்காமலே திரும்பிப் போனது.

லயத்துக் கோடியில் எங்கள் பூசணி
நாலு வருசமாகப் பூத்துப் பூத்துக் கொட்டியது.
கோழி இறகால் நானே தடவிப் பார்த்தேன்.
இரண்டு பிடித்தது, இரண்டும் வெம்பியது.
இந்த முறை ஆறு பிஞ்சு.
நான் தொடவில்லை.

சந்தேகம் வந்தால் தூக்கம் வராது எனக்கு.
வேலைக்காட்டு டோர்ச் சட்டைப் பையிலேயே இருந்தது.
மூடிக்கொண்ட பூவொன்றை ராத்திரி விரித்தேன்.
குளிரில் திரும்ப முடியாமல்
உள்ளேயே தங்கிவிட்ட ஒன்று.
இரண்டு தணல்.
வயிறெல்லாம் மஞ்சள் மா.

விரலை நீட்டினேன், நசுக்கத்தான்.
அது வெப்பத்துக்கு வந்து
விரல்மேல் ஏறி நின்றது.

"யாரு புள்ள அங்க?"
கதவில் அவர், இருமிக்கொண்டு.
டோர்ச்சை அணைத்தேன்.
ஈயின் கண் அணைந்தது.
அடுப்பு வெளிச்சத்தில்
அவர் கண் சிவப்பாகவே இருந்தது,
புதனிலிருந்து சனி வரை
எப்போதும் இருப்பதுபோல.

"பூசணி பாத்தேன்" என்றேன்.
"காய் பிடிச்சிருக்கா?"
"ஆறு."
"ஒண்ண தேவானை அக்காவுக்குக் குடு" என்றுவிட்டு
உள்ளே போனார்.

காலையில் பனி.
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
ஒன்றாம் பெட்டி மூன்று. இரண்டாம் பெட்டி ஏழு.
கடைசிக் கட்டத்தில் எண்ணைப் போட்டேன், சுலபம்,
ஒரு வட்டம்.
எழுத்தில் எழுதும்போது
பூச்சி
வரை வந்து
பேனை நின்றது.
ஐந்தாம் பெட்டிப் பக்கமாக
யாரோ கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.
யம் சேர்த்தேன்.